வேலிடேஷன் மாடலிலா, கண்ட்ரோலரிலா?

கோட் ரிவ்யூவில் ஓயவே ஓயாத சண்டை ஒன்று உண்டு: வந்த தகவல் சரியா என்று சோதிக்கும் வேலிடேஷனை, ரிக்வெஸ்டை வாங்கிக்கொள்ளும் கண்ட்ரோலரில் வைப்பதா, டேட்டாபேஸில் போகும் பதிவைக் குறிக்கும் மாடலில் வைப்பதா? "கண்ட்ரோலர் ஒல்லியாக இருக்கட்டும், வேலிடேஷன் எல்லாம் மாடலுக்குள் போகட்டும்" என்று ஒரு கட்சி. "ஃபார்மில் என்ன வந்தது என்று மாடல் எதற்குக் கவலைப்பட வேண்டும், ரிக்வெஸ்ட் வந்த வாசலிலேயே பார்த்துத் திருப்பி அனுப்பு" என்று இன்னொரு கட்சி. வெப் ஃபிரேம்வொர்க்குகளில் ரெயில்ஸில் வளர்ந்தவர்கள் பெரும்பாலும் முதல் கட்சி, லாராவெல்லில் வளர்ந்தவர்கள் இரண்டாவது, ஸ்பிரிங் ஆட்கள் இரண்டு பக்கமும் ஒரு அனோட்டேஷனை ஒட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள்.

இதில் என் நிலைப்பாடு என்னவென்றால், எங்கே வைப்பது என்று கேட்பதற்கு முன்னால் அந்த விதி எதைப் பற்றியது என்று கேட்க வேண்டும். வந்த பொருளின் உருவத்தைப் பற்றியதா? ஒரு பதிவு எந்த வழியாக வந்தாலும் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றியதா? இந்த ஒரு ஃபார்மை இப்போது நிரப்புகிறவரைப் பற்றியதா? இல்லை, டேபிளில் உள்ள மற்ற எல்லா வரிகளையும் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்கிற வகையா? இந்த நான்கும் வேறு வேறு. நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டி மாடலின் தலையிலோ கண்ட்ரோலரின் தலையிலோ வைப்பதால்தான் சண்டை முடிய மாட்டேன் என்கிறது.

பிரௌசரில் செய்யும் வேலிடேஷனை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அது பயனருக்குச் செய்யும் உபகாரம், அவ்வளவுதான். பிரௌசர் இல்லாமலே ரிக்வெஸ்ட் அனுப்பும் கர்ல் என்ற ஒரு கமாண்ட் தெரிந்தவருக்கு உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் இருப்பதே தெரியாது. ஆனாலும் பிரௌசரும் சர்வரும் ஒரே விதியை வேறு வேறு மாதிரி எண்ணுகிற இடம் ஒன்று இருக்கிறது, சொல்லியே ஆக வேண்டும். பல வரி எழுதும் பெட்டிக்கு 500 எழுத்து என்று மேக்ஸ்லெங்த் வைக்கிறீர்கள், மாடலிலும் அதே 500. பயனர் நடுவில் பத்து தடவை என்டர் தட்டிச் சரியாக 500 எழுத்து அடிக்கிறார். பிரௌசர் ஒவ்வொரு வரி முறிவையும் ஒன்றாக எண்ணும், ஆனால் ஃபார்மை அனுப்பும்போது அதைக் கேரேஜ் ரிட்டர்ன், லைன் ஃபீட் என்று இரண்டு எழுத்தாக மாற்றி அனுப்பும். சர்வருக்கு வந்து சேர்வது 510. "500க்கு மேல் போகக்கூடாது" என்று சர்வர் திட்டும், கீழே எண்ணிக்கை காட்டும் பட்டியோ 500/500 என்று பச்சையாக நிற்கும். பயனர் எந்தப் பக்கத்தை நம்புவார்?

சரி, உள்ளே வருவோம். முதல் வகை, உருவம். இது கண்ட்ரோலரின் வேலை, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாம் சரம் (ஸ்ட்ரிங்) வரும் என்று நினைக்கிற இடத்தில் சரம்தான் வரும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. ஜேசான் ரிக்வெஸ்ட் என்றால் அந்த இடத்தில் ஒரு பட்டியல் வரலாம், ஒரு ஆப்ஜெக்ட் வரலாம், மதிப்பே இல்லை என்று சொல்லும் நல் (null) வரலாம். சர்வருக்கு நோடும் டேட்டாபேஸுக்கு மாங்கோடிபியும் சேர்ந்த இடத்தில் இது வெறும் அசௌகரியம் இல்லை, பாதுகாப்பு ஓட்டை. பாஸ்வேர்டை மாற்ற மின்னஞ்சலில் ஒரு டோக்கன் அனுப்புகிறோம், அது திரும்பி வந்ததும் அந்த டோக்கன் யாருடையது என்று டேட்டாபேஸில் தேடுகிறோம். டோக்கன் இருக்க வேண்டிய இடத்தில் ஒருவர் "நல்லுக்குச் சமமில்லாதது" என்று பொருள்படும் ஒரு சின்ன ஆப்ஜெக்டை வைத்து அனுப்பினால், அது அப்படியே தேடல் நிபந்தனையாகிவிடும். டோக்கன் வைத்திருக்கும் யாரோ ஒருவருடைய கணக்கு கிடைத்துவிடும். இதற்கு மருந்து ஒரே வரி: இது சரமா என்று பார்ப்பது. அந்த வரி மாடலில் இருந்தால் பிரயோஜனம் இல்லை, ஏனென்றால் இங்கே எந்த மாடலும் சேமிக்கப்படவில்லை, தேடல் மட்டும்தான் நடக்கிறது. வேலிடேஷன் என்றாலே சேவ் செய்வதற்கு முன் நடப்பது என்று நினைக்கிறவர்கள் கோட்டைவிடுகிற இடம் இது.

எந்தெந்தப் புலங்களை உள்ளே விடுவது என்பதும் உருவத்தைப் பற்றிய கேள்விதான். 2012 மார்ச்சில் கிட்ஹப்பில் நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். பொதுச் சாவியைப் புதுப்பிக்கும் ஃபார்மில், அதில் இல்லாத ஒரு புலத்தையும் சேர்த்து அனுப்பி, தன் சாவியை ரெயில்ஸ் அமைப்பின் கணக்கோடு ஒட்டவைத்து, அந்த ரெப்போவிலேயே ஒருவர் கமிட் போட்டுக் காட்டினார். வந்ததையெல்லாம் அள்ளி மாடலுக்குள் கொட்டும் மாஸ் அசைன்மென்ட் என்ற வசதியின் விளைவு அது. அதுவரை ரெயில்ஸில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்ற பட்டியல் மாடலில் இருந்தது. 2013இல் வந்த ரெயில்ஸ் 4 அதைக் கண்ட்ரோலருக்கு நகர்த்தியது, ஸ்ட்ராங் பாராமீட்டர்ஸ் என்ற பெயரில். நகர்த்தியது சரி என்பேன். நிர்வாகி மாற்றக்கூடிய புலமும் சாதாரணப் பயனர் மாற்றக்கூடிய புலமும் வேறு, இப்போது வாசலில் நிற்பது யார் என்பது மாடலுக்குத் தெரியாது. லாராவெல்லில் ஃபில்லபிள் பட்டியல் இன்னும் மாடலில்தான் இருக்கிறது, அதனால்தான் அங்கே ரிக்வெஸ்டில் உள்ள எல்லாவற்றையும் எடுக்காமல், வேலிடேட் செய்து தேறியதை மட்டும் எடுத்து மாடலுக்குக் கொடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லுகிறார்கள்.

ஒவ்வொரு ஃபிரேம்வொர்க்கிலும் இந்த வாசலில் ஒரு படி வழுக்கும். டாட்நெட்டில் இன்ட் வகைப் புலத்துக்கு மேலே ரிக்வயர்ட் என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் உண்டு. வந்த ஜேசானில் அந்தப் புலமே இல்லாவிட்டாலும் அதன் மதிப்பு 0 ஆகிவிடும், 0 என்பது "இருக்கிறது" என்று அர்த்தம், ரிக்வயர்ட் பாஸ். நல் ஏற்கும் வகையாக மாற்றினால்தான் அது வேலை செய்யும். ஜாவாவின் இன்ட்டிலும் இதே கதை. லாராவெல்லில் வேறு மாதிரி: காலியாக வந்த சரத்தை ஒரு மிடில்வேர் நல்லாக மாற்றிவிடும், பிறகு "இது சரமாக இருக்க வேண்டும்" என்ற விதி அந்த நல்லைப் பார்த்துப் புகார் செய்யும், கட்டாயமில்லாத புலத்துக்கு ஏன் பிழை வருகிறது என்று புதியவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். நல்லபிள் என்று ஒரு வார்த்தை சேர்த்தால் முடிந்தது.

இரண்டாவது வகை, பதிவின் உண்மை. ஆர்டரின் எண்ணிக்கை சுழியத்தை விடப் பெரியதாக இருக்க வேண்டும், முடிவுத் தேதி தொடக்கத் தேதிக்கு முன்னால் வரக்கூடாது. இதெல்லாம் ஃபார்மில் வந்தாலும், சிஎஸ்வி இறக்குமதியில் வந்தாலும், இரவில் ஓடும் ஜாபில் வந்தாலும் உண்மையாக இருக்க வேண்டியவை. ஆகவே மாடல். ஆனால் மாடலில் எழுதிவிட்டால் எப்போதும் ஓடும் என்று நினைக்கக் கூடாது. ஜாங்கோவில் மாடல் புலத்துக்கு வேலிடேட்டர் எழுதிவிட்டு, ஷெல்லில் ஒரு ஆப்ஜெக்டை உருவாக்கி சேவ் என்று அழுத்திப் பாருங்கள். தப்பான மதிப்பும் போய் உட்கார்ந்துவிடும். ஃபுல் கிளீன் என்ற மெத்தடை யாராவது கூப்பிட்டால்தான் அந்த வேலிடேட்டர்கள் எல்லாம் ஓடும், மாடல்ஃபார்ம் தானே கூப்பிடும், சேவ் கூப்பிடாது. ரெயில்ஸில் சேவ் கூப்பிடும், ஆனால் அப்டேட் காலம் (update_column), அப்டேட் ஆல், இன்சர்ட் ஆல் என்று ஒரு பட்டாளமே வேலிடேஷனைத் தாண்டிக் குதித்துப் போகும். வேகம் வேண்டும் என்று யாராவது ஒரு லூப்பை அப்டேட் ஆல் ஆக மாற்றும் அந்த நாளில் மாடலின் விதிகள் சத்தமில்லாமல் ஓய்வெடுக்கப் போய்விடும்.

மூன்றாவது வகையில்தான் எனக்குப் பேச நிறைய இருக்கிறது, ஏனென்றால் மாடல்கள் நாறிப்போவது இங்கேதான். ஒரு நாள் நிர்வாகம் சொல்கிறது: இனிமேல் எல்லாரும் தொலைபேசி எண் கொடுக்க வேண்டும். நல்லது, யூசர் மாடலில் தொலைபேசி கட்டாயம் என்று ஒரு வரி சேர்க்கிறோம். டெஸ்ட் எல்லாம் பச்சை, ஏனென்றால் டெஸ்டில் உருவாகும் யூசருக்கெல்லாம், மாதிரிப் பதிவு செய்து தரும் ஃபேக்டரியில் எண் சேர்த்தாயிற்று. புரொடக்ஷனிலோ எண் இல்லாத பழைய யூசர்கள் ஏராளம். அவர்களில் ஒருவர் லாகின் செய்கிறார். கடைசியாக வந்த நேரத்தை எழுதிவைக்க நம் கோட் சேவ் என்கிறது. மாடல் முழுவதும் வேலிடேட் ஆகிறது, தொலைபேசி இல்லை, சேவ் ஃபால்ஸ் என்று திரும்புகிறது, அந்த ஃபால்ஸை யாரும் பார்ப்பதில்லை. அதே யூசர் தன் மின்னஞ்சல் சந்தாவை நிறுத்தப் போகிறார், அதுவும் சேவ் ஆகாது. பாஸ்வேர்டை மாற்றப் போகிறார், "தொலைபேசி எண் காலியாக இருக்கக்கூடாது" என்று பிழை வருகிறது, அந்தப் பக்கத்தில் தொலைபேசிக்குப் பெட்டியே கிடையாது.

இதைச் சமாளிக்க அடுத்து என்ன செய்வோம்? ஒரு இஃப். புதிய யூசராக இருந்தால் மட்டும். அப்புறம் நிர்வாகி உருவாக்கினால் வேண்டாம், இன்னொரு இஃப். இறக்குமதியின்போது வேண்டாம், ஸ்கிப் என்று ஒரு போலிப் புலம். இரண்டாம் படியில் மட்டும் முகவரி வேண்டும், இன்னொன்று. கொஞ்ச காலத்தில் ஒரு யூசர் செல்லுபடியாகிறதா என்ற கேள்விக்குப் பதில் யாருக்கும் தெரியாது, "எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறீர்கள்" என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். மாடலில் இஃப் போட்ட வேலிடேஷனைப் பார்த்தால் முதலில் எழ வேண்டிய சந்தேகம், இது மாடலின் விதியே இல்லையோ என்பதுதான். எல்லா இஃப்பும் அப்படியில்லை. "கூரியரில் அனுப்பினால் முகவரி வேண்டும்" என்பது பதிவின் உண்மைதான், நிபந்தனை பதிவுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் எந்தத் திரை, எந்தப் படி, யார் லாகின் செய்திருக்கிறார் என்று கேட்கும் இஃப் என்றால் அது பதிவின் விதி இல்லை, ஃபார்மின் விதி.

அப்படியானால் அது போக வேண்டிய இடம் ஃபார்மைக் குறிக்கும் தனி கிளாஸ். ரெயில்ஸில் ஆக்டிவ் மாடலைச் சேர்த்த ஒரு சாதாரண கிளாஸ், லாராவெல்லில் ஃபார்ம் ரிக்வெஸ்ட், ஜாங்கோவில் ஃபார்ம், ஸ்பிரிங்கில் அந்த ஒரு வேலைக்கென்று ஒரு டிடிஓ, அதாவது வந்த தகவலைச் சுமக்க மட்டும் இருக்கும் கிளாஸ். பதிவு செய்யும் ஃபார்முக்கு ஒன்று, சுயவிவரம் திருத்த ஒன்று. "தொலைபேசி கட்டாயம்" என்பது முதலாவதில் மட்டும் இருக்கும், பழைய யூசர்கள் தொல்லையில்லாமல் லாகின் செய்வார்கள். கிளாஸ் எண்ணிக்கை கூடுகிறதே என்பார்கள். கூடட்டும். ஒவ்வொன்றும் ஒரு திரையில் படித்து முடிக்கக்கூடியதாக இருக்கும், அந்த இஃப் காட்டை விட எனக்கு இது எவ்வளவோ மேல்.

நான்காவது வகைக்கு மாடலும் போதாது, கண்ட்ரோலரும் போதாது. ஒரே மின்னஞ்சலில் இரண்டு கணக்கு கூடாது என்கிற விதியை எடுத்துக்கொள்வோம். மாடலில் யூனிக்னெஸ் வேலிடேஷன் இருக்கிறது. பயனர் பதிவு பொத்தானை அவசரத்தில் இரண்டு முறை தட்டுகிறார். இரண்டு ரிக்வெஸ்ட், இரண்டு தனித்தனி பிராசஸ். முதலாவது "இந்த மின்னஞ்சல் இருக்கிறதா" என்று டேட்டாபேஸைக் கேட்கிறது, இல்லை என்ற பதில். இரண்டாவதும் கேட்கிறது, முதலாவது இன்னும் எழுதி முடிக்கவில்லை, அதற்கும் இல்லை என்ற பதில். இரண்டுமே வேலிடேஷனில் நியாயமாகத் தேறி இரண்டும் எழுதுகின்றன. இதற்கு நடுவே இருப்பது சில மில்லிசெகண்ட் இடைவெளிதான், ஆனால் மாடலில் எவ்வளவு கோட் எழுதினாலும் அந்த இடைவெளி மூடாது. ஒரே மதிப்பு இரண்டு முறை வருவதை டேட்டாபேஸே தடுக்கும் யூனிக் இண்டெக்ஸ் வேண்டும், வேறு வழி கிடையாது. மாடல் வேலிடேஷனையும் வைத்துக்கொள்ளலாம், பெரும்பாலான நேரம் அழகான பிழைச் செய்தி தருவதற்காக. ஆனால் அது செய்தி தருகிறது, காவல் காப்பது இண்டெக்ஸ்.

இண்டெக்ஸ் போட்ட பிறகு இன்னொரு வேலை பாக்கி. அந்த இரண்டாவது ரிக்வெஸ்ட் இப்போது டேட்டாபேஸ் பிழையாக வெடிக்கும், அதைப் பிடித்து "இந்த மின்னஞ்சல் ஏற்கனவே இருக்கிறது" என்று மாற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பயனருக்கு 500 என்ற சர்வர் பிழைப் பக்கம். போஸ்ட்கிரஸில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: பல குவெரிகளை ஒன்றாகக் கட்டும் டிரான்சாக்ஷனுக்கு உள்ளேயே இந்தப் பிழையைப் பிடித்துவிட்டு அடுத்த குவெரிக்குப் போனால் அதுவும் நிராகரிக்கப்படும், ஏனென்றால் மொத்த டிரான்சாக்ஷனும் முறிந்த நிலையில் இருக்கும். ஒரு சேவ்பாயிண்ட் போட்டு அதற்குள் எழுத வேண்டும், அல்லது டிரான்சாக்ஷனுக்கு வெளியே பிடிக்க வேண்டும். அப்புறம் செக் கன்ஸ்ட்ரைன்ட், டேபிளோடு சேர்த்து எழுதும் நிபந்தனை. எண்ணிக்கை சுழியத்தை விடப் பெரியது என்பதை டேட்டாபேஸிலும் எழுதிவைத்தால் அப்டேட் ஆல் ஆட்டம் முடிந்தது. மைஎஸ்கியூஎல்லில் 8.0.16க்கு முந்தைய பதிப்புகள் செக் என்று எழுதியதைப் படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அப்படியே ஒதுக்கிவிடும், பழைய சர்வர் வைத்திருப்பவர்கள் ஒரு தப்பான வரியை எழுதிப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். பழைய தப்பு வரிகள் ஏற்கனவே டேபிளில் இருந்தால் போஸ்ட்கிரஸில் நாட் வேலிட் என்று சேர்த்து அந்தக் கன்ஸ்ட்ரைன்டை உருவாக்கலாம். அதற்குப் பிறகு எழுதப்படுவதை மட்டும் அது பார்க்கும், பழையதைச் சுத்தம் செய்த பிறகு முழுதாகச் சரிபார்க்கச் சொல்லலாம்.

வேலிடேட் செய்வதற்கு முன் ஒழுங்குபடுத்துவது என்று ஒன்று இருக்கிறது, அந்த வரிசை மாறினால் முதலுக்கே மோசம். முன்பின் இடைவெளியை நீக்குவது, மின்னஞ்சலைச் சின்ன எழுத்தாக்குவது எல்லாம் எல்லாருக்கும் தெரியும். யூனிகோடை நார்மலைஸ் செய்வதை, அதாவது ஒரே எழுத்தின் வேறு வேறு வடிவங்களை ஒன்றாக்குவதைத்தான் மறக்கிறோம். "கொ" என்ற ஒரே எழுத்தை, க என்ற எழுத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம், எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், பைட் கணக்கில் வேறு வேறு. நார்மலைஸ் செய்யாமல் யூனிக் இண்டெக்ஸ் வைத்தால், கண்ணுக்கு ஒரே பயனர்பெயராகத் தெரியும் இரண்டு பேர் உள்ளே வந்துவிட முடியும்.

பெயரில் எழுத்துகள் மட்டும்தான் வரலாம் என்று ரெகெக்ஸ் (சரத்தின் வடிவத்தைச் சோதிக்கும் சூத்திரம்) எழுதுகிறவர்களுக்கும் இதே இடத்தில் ஒரு வார்த்தை. யூனிகோட் கணக்கில் நம் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் "எழுத்து" வகையே இல்லை, அவை "குறி" வகை. எழுத்து வகை மட்டும் என்று எழுதினால் முருகன் தேற மாட்டார், கமல் கூடத் தேற மாட்டார், கடைசியில் ஒரு புள்ளி இருக்கிறதே. பைத்தானில், சொல்லில் வரும் எழுத்து என்று பொருள்படும் பேக்ஸ்லாஷ் டபிள்யூ (\w) போட்டாலும் இதே கதிதான். என் யோசனை, பெயருக்கு ரெகெக்ஸே வேண்டாம். காலியாக இல்லை, அளவு மீறவில்லை, கட்டுப்பாட்டு எழுத்துகள் இல்லை, போதும். அளவு என்றதும் ஞாபகம் வருகிறது: பாஸ்வேர்டை ஹேஷ் செய்யும் பிகிரிப்ட் 72 பைட்டுக்கு மேல் பார்ப்பதில்லை. யூடிஎஃப்-8இல் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் 3 பைட், அதாவது 24 குறிகளுக்குப் பிறகு பாஸ்வேர்டில் என்ன அடித்தாலும் பல லைப்ரரிகளில் கணக்கிலேயே வராது. எழுத்துக் கணக்கில் மட்டும் உச்சவரம்பு வைக்கிறவர்கள் பைட் கணக்கையும் பார்க்க வேண்டும்.

ரெகெக்ஸ் எழுதியே தீர வேண்டும் என்றால் நீளச் சோதனையை அதற்கு முன்னால் வையுங்கள். 2016 ஜூலை 20 அன்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளமே சாய்ந்தது ஒரு ரெகெக்ஸால்தான், அதுவும் வரியின் கடைசியில் உள்ள இடைவெளியை வெட்டும் அப்பாவி ரெகெக்ஸ். ஒரு பதிவில் தொடர்ந்து 20,000 இடைவெளிகள் இருந்தன, அவை வரியின் கடைசியில் இல்லை, ஆகவே ஒவ்வொரு இடைவெளியிலிருந்தும் மறுபடி மறுபடி முயன்று ஏறத்தாழ 20 கோடி சோதனை. ரூபிக்காரர்களுக்குக் கூடுதலாக ஒன்று: அங்கே ^, $ இரண்டும் வரியின் தொடக்கமும் முடிவும்தான், சரத்தின் தொடக்கமும் முடிவும் இல்லை. ஒரு வரி சரியாக இருந்து அதற்குக் கீழே இன்னொரு வரியில் ஸ்கிரிப்ட் இருந்தாலும் தேறிவிடும். ரெயில்ஸ் இதைப் பார்த்தால் பிழை காட்டும். அந்தப் பிழையை அடக்க மல்டிலைன் என்று போட்டுவிட்டுப் போகிறவர்களை என்ன சொல்வது!

வேலிடேஷன் செய்யக்கூடாத வேலைகளும் உண்டு. மேற்கோள் குறியைத் தடுத்து எஸ்கியூஎல் இன்ஜெக்ஷனை (வந்த தகவல் வழியாகக் குவெரியையே மாற்றும் தாக்குதலை) தவிர்ப்பது வேலிடேஷன் இல்லை, குவெரிக்கு மதிப்புகளைப் பாராமீட்டராகக் கொடுப்பதுதான் வழி. கோண அடைப்பைத் தடுத்து எக்ஸ்எஸ்எஸ் (பக்கத்தில் அந்நிய ஸ்கிரிப்டை நுழைக்கும் தாக்குதல்) தவிர்ப்பதும் அப்படியே, அதை வெளியே காட்டும்போது எஸ்கேப் செய்ய வேண்டும். அனுமதியும் வேறு. ப்ராஜெக்ட் எண் 42 என்று வருகிறது, அது எண், அந்த ப்ராஜெக்ட் டேபிளிலும் இருக்கிறது, வேலிடேஷன் எல்லாம் தேறியது. ஆனால் அது இந்தப் பயனருடையதா? லாராவெல்லில் எக்ஸிஸ்ட்ஸ் விதி "இருக்கிறது" என்று மட்டும்தான் சொல்லும். லாகின் செய்தவரின் ப்ராஜெக்டுகளுக்குள் தேடுவது என்று பழகிவிட்டால் இந்தக் கேள்வி எழவே எழாது.

கடைசியாக, திருப்பி அனுப்பும் விதம். ஜேசான் உடைந்திருந்தால், வகையே தப்பாக இருந்தால் எச்டிடிபி நிலை எண் 400. உருவம் சரி, உள்ளடக்கம்தான் விதிக்கு ஒத்துவரவில்லை என்றால் 422. 422 வெப்டேவ் என்ற எச்டிடிபி நீட்சியின் காலத்து எண்ணாக இருந்தாலும் 2022இல் வந்த எச்டிடிபி தரநிலையான ஆர்எஃப்சி 9110 அதைப் பொதுவில் சேர்த்துவிட்டது, ஆகவே தயக்கமில்லாமல் பயன்படுத்தலாம். ரெயில்ஸில் டர்போ (பக்கத்தை முழுதாக ஏற்றாமல் மாற்றும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) வைத்திருப்பவர்களுக்கு இது சுவை சார்ந்த விஷயமே இல்லை: வேலிடேஷன் தோற்று ஃபார்மை மறுபடி காட்டும்போது 200 என்று அனுப்பினால் டர்போ அதைத் திரையில் போடாது, பொத்தானைத் தட்டியும் எதுவும் நடக்காத மாதிரி இருக்கும். பிழைகளை ஒவ்வொன்றாக இல்லாமல் எல்லாவற்றையும் ஒரே தடவையில், அந்தந்தப் பெட்டிக்குக் கீழே சொல்லுங்கள். டேட்டாபேஸ் கன்ஸ்ட்ரைன்டிலிருந்து வந்த பிழைக்கும் அதே மரியாதை உண்டு. கன்ஸ்ட்ரைன்டுக்கு நீங்களே ஒரு பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயர் பிழையோடு சேர்ந்து வரும், எந்தப் பெட்டிக்குக் கீழே காட்டுவது என்பதற்கு ஒரு சின்ன மேப் போதும்.